நாலாவது சுற்றில் வந்த கோல்

எங்கள் ஒபிஸில் ஒரு கதிரை காலியாக இருந்தது. அதில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால்தான் எனக்குக் கல்யாணம். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடிவீட்டின் மேல்தட்டுதான் எங்கள் கம்பனி. முதலாளி இராகுலன் அண்ணா, நான், கணக்குப் பார்க்கிற அம்ரா. மூன்று பேர், நாலு கதிரை. மீன் மொத்த வியாபாரிகளுக்கு நாங்கள் ஒரு புறோகிராம் செய்து கொடுத்திருந்தோம். எந்த லொறியில் என்ன மீன், எத்தனை கிலோ, எவ்வளவு ஐஸ் என்று பதிந்தால், லொறிக்காரர் கையில் கொண்டுபோகிற துண்டு அச்சாகி வரும். துண்டு இல்லாமல் லொறி கொழும்புக்கு வெளிக்கிடாது. அதில் ஏதும் பிழைத்தால் வியாபாரிகள் போனில் கோல் எடுப்பது எனக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனாலும் எடுப்பார்கள், பெருநாளன்று எடுப்பார்கள், குளித்துக்கொண்டிருந்தாலும் எடுப்பார்கள். இராகுலன் அண்ணாவுக்கு யாரும் எடுப்பதில்லை. அவர் கம்பனியின் மூளை, நான் அதன் காது. அப்படித்தான் அவர் வேலையைப் பிரித்திருந்தார்.

குறிஞ்சாக்கேணியில் ஜுமானாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். அவளுடைய வாப்பா கலீலுர் றஹ்மான் மாமா வீட்டைக் கட்டி, பெயின்ட் அடித்து, குசினிக்கு டைல்ஸ் பதித்துவிட்டுக் காத்திருந்தார். பெண் தருவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது இரண்டு மூன்று கேள்விதான். சிகரெட் குடிக்கிறதா, கொழும்புக்கோ கட்டாருக்கோ போகிற யோசினை இரிக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். ஊற்றித் தந்த பிளேன்டி ஆறுவதற்குள் காரியம் முடிந்தது. ஒரு மகளையும் ஒரு வீட்டையும் அந்த மனிதர் ஒரு பின்னேரத்தில் என்னிடம் ஒப்படைக்கத் துணிந்தார். எங்கள் முதலாளிக்கு ஒரு கதிரையைக் கொடுக்க ஐந்து சுற்று இன்டர்வியூ வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு முதலில் குறித்த திகதி வந்தபோது லீவு கேட்டேன். "ஆள் எடுத்துப்போட்டுத் தாறன், அகீல். நீர் இல்லாட்டி போனை ஆர் பார்க்கிறது?" என்றார். ஆள் எடுபடவில்லை, திகதி தள்ளிப்போனது. இரண்டாவது திகதிக்கும் அதே கதை. அந்த முறை அவர் கொஞ்சம் இரங்கி, "வேணுமெண்டால் நிக்காஹ் நேரத்தில மட்டும் போனை சைலன்ட்டில போடலாம்" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார். நான் படியிறங்கிப் போய்க் கீழே கடையில் சோடா ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும். இந்தத் தொழிலை ஊரில் இருந்துகொண்டு செய்ய திருகோணமலையில் வேறு இடமும் இல்லை. வேலைக்காகக் கொழும்புக்குப் போனால் மாமாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

மாமா கடைசியாகச் சொல்லிவிட்டார். "ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்ச கையோட நிக்காஹ். இதுவும் தள்ளினா நான் வேற இடம் பார்ப்பன், மகன். கோவிக்காதீங்க. ஊரெல்லாம் கேக்கிறாங்க."

கோவிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஜுமானா மட்டும் பின்னேரங்களில் கோல் எடுத்து, "ஆள் கிடைச்சதா?" என்று கேட்பாள். மற்றப் பெண்களுக்கு மாப்பிள்ளையிடம் கேட்க எவ்வளவோ இருக்கும். இவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

இராகுலன் அண்ணாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெருநாளுக்கு எனக்கு உடுப்பு எடுத்துத் தருவார், சுகமில்லை என்றால் வீட்டுக்கே வந்து பார்ப்பார். முன்பொருமுறை தெரிந்தவர்களின் பையன் என்று ஒருவனைக் கேள்வி கேளாமல் வேலைக்கு எடுத்தார். அவன் வந்த கிழமையே வியாபாரிகளின் பதிவையெல்லாம் அழித்து வைத்தான். அதிலிருந்து அவருக்கு இன்டர்வியூ ஒரு நோயாகிவிட்டது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. இளமையில் சிங்கப்பூரில் ஒரு பெரிய கம்பனி அவரைச் சுற்றுச்சுற்றாகக் கூப்பிட்டு, கடைசிச் சுற்றில் கழித்துவிட்டதாம். "அங்க கடைசி வரைக்கும் போறதே லேசில்லை" என்பார். அந்தச் சுற்றுகளை எல்லாம் அப்படியே இங்கே இறக்குமதி செய்திருந்தார். அது விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வைக்கிற பரீட்சை மாதிரி இருந்தது. இங்கே ஓட வேண்டியது மீன் லொறி.

இன்டர்வியூவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆளை உட்காரவைத்து, எங்கள் புறோகிராமைத் திறந்து காட்டி, "இதில ஒரு பிழை இருக்கு, தேடிப் பாருங்கோ" என்றால் போதும். ஒரு பிளேன்டி குடிக்கிற நேரத்தில் ஆளின் லட்சணம் தெரிந்துவிடும். இதை அவரிடம் சொன்னேன். "அது சும்மா வேலை தெரிஞ்சவனைத்தான் பிடிக்கும், அகீல்" என்றார். எங்களுக்கு வேறு யார் வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் அவர் கேட்கிற கேள்வி, உட்துறைமுகத்தில் எத்தனை லீற்றர் தண்ணீர் இருக்கும் என்பது. ஜன்னலைத் திறந்து காட்டிவிட்டுக் கேட்பார். தர்சன் என்றொரு பொடியன் நல்ல கெட்டிக்காரன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணா, இறைக்கப் போறீங்களோ?" என்றான். அதோடு அவன் கதை சரி. மூன்றாவது சுற்றில் பலகையில் கிளைகிளையாக எண்களைப் போட்டு ஒரு மரத்தைக் கீறி, அதைத் தலைகீழாக்கப் புறோகிராம் எழுதச் சொல்வார். இத்தனை வருடத்தில் எந்த மீன் வியாபாரியும் எங்களிடம் மரத்தைத் தலைகீழாக்கித் தரச் சொன்னதில்லை. ஸப்வான் என்பவர் அதைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தார். யோசிக்கிறதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்று அவரைக் கழித்தார். வேலை நேரம் முழுக்க வாய்விட்டு யோசிக்கிற ஆளை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டு நான் எப்படி வேலை செய்வது?

நாலாவது சுற்றில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. நான் படியிறங்கி வெளியே போய், ஒபிஸ் மேசைப் போனுக்குக் கோல் எடுத்து, கோபம் வந்த வியாபாரி மாதிரிக் கத்த வேண்டும். வந்திருக்கிற ஆள் அதைச் சமாளிக்க வேண்டும். இராகுலன் அண்ணா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு நடிப்பு வராது. அதனால் பக்கீர் ஹாஜியார் எப்படிக் கத்துவாரோ அப்படியே கத்தினேன். ஹாஜியார்தான் மீன் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். அவர் சொன்னதால்தான் மற்றவர்களும் எங்கள் புறோகிராமை எடுத்தார்கள். அவருடைய ஏச்சை நான் வாங்கிய அளவுக்கு வேறு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆகையால் அது எனக்கு நன்றாகவே வந்தது.

பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் பிரசாந்தினி வந்தாள். உப்புவெளிப் பிள்ளை. கொழும்பில் வேலை செய்து அலுத்துப்போய் ஊரோடு திரும்பியிருந்தாள். துறைமுகத் தண்ணீரைக் கேட்டதும் சிரிக்காமல், "ஆழம் எனக்குத் தெரியாது சேர், ஒரு ஊகத்தில போடுறன்" என்று சொல்லிப் பலகையில் கணக்குப் போட்டாள். மரத்தையும் தலைகீழாக்கினாள், வாயாலும் சொல்லிக்கொண்டே செய்தாள். இராகுலன் அண்ணாவின் முகத்தில் குறை ஒன்றும் அகப்படாத கவலை தெரிந்தது. நான் அன்றைக்கு மாமாவுக்கு, "ஆள் சரிவரும் போல இரிக்கு" என்று தகவல் அனுப்பினேன். என் அவசரம் எனக்கு.

நாலாவது சுற்று ஒரு பின்னேரம். லொறிகள் வெளிக்கிடுகிற நேரம். நான் வழமைபோல இறங்கிப் போய் மதிலோரம் நின்று போனைக் கையில் எடுத்தேன். எடுத்த கையோடு மாமாவின் கோல் வந்தது. வெட்ட முடியுமா?

"ஆள் சரியா, மகன்?" என்றார்.

"இன்னம் இரண்டு ரவுண்ட் இரிக்கு, மாமா."

"ரவுண்ட் எண்டா?"

விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் விளக்கினேன். "ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு?" என்றார். எனக்கே விளங்காததை அவருக்கு எப்படி விளங்கவைப்பது? பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, மௌலவிக்குச் சொல்லியாகிவிட்டது, இனி என் சொல்தான் பாக்கி என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு மேலே பார்த்தேன். நாலாவது சுற்றுக்கு நான் இன்னும் கோல் எடுக்கவேயில்லை. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்போம் என்று படியேறினேன்.

இராகுலன் அண்ணா கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பிரசாந்தினி தன் பையை எடுத்துக்கொண்டு எழும்பியிருந்தாள்.

"இண்டைக்கு நல்லா நடிச்சீர், அகீல்," என்றார் அவர். "முதல்ல கொஞ்சம் சோர்வு. பிறகு பிடிச்சீர்."

நான் அம்ராவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. பிரசாந்தினி போன பிறகு, மேலே நடந்ததை அவள்தான் சொன்னாள்.

ஹாஜியாரின் கடையில் துண்டு அச்சாகவில்லை. லொறியில் மீன் ஏற்றியாகிவிட்டது, ஐஸ் உருகத் தொடங்கியிருந்தது. எனக்குக் கோல் எடுத்திருக்கிறார். நான் மாமாவோடு கதைத்துக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. உடனே ஒபிஸ் மேசைப் போனுக்கு அடித்துவிட்டார். இராகுலன் அண்ணா அதை ஸ்பீக்கரில் போட்டார். சொந்தக் கம்பனியின் பெரிய வாடிக்கையாளர் கதைக்கிறார், அந்தக் குரலை அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒருநாளும் அவர் போன் எடுத்ததில்லையே. அது நான்தான், ஹாஜியார் மாதிரிக் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதையாவது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். ஹாஜியார் அன்றைக்குப் பாவம், மரியாதையாகத்தான் தொடங்கியிருக்கிறார். இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "இது காணாது. இன்னும் கொஞ்சம் கத்தும்" என்றிருக்கிறார்.

அந்தப் பக்கத்துக்கு அது நன்றாகக் கேட்டதாம். பிறகு ஹாஜியார் கத்தினாராம். இராகுலன் அண்ணா தலையை ஆட்டி ரசித்தாராம்.

பிரசாந்தினிதான் குறுக்கே பேசியிருக்கிறாள். "ஐயா, நான் பிரசாந்தினி, உப்புவெளியில இருந்து வந்திருக்கிறன். கொஞ்சம் பொறுங்கோ. பிரிண்டர் படத்துக்கு மேல அமத்தினா பழைய துண்டு ஏதும் நிக்குதா?" நின்றதாம். அதை அழிக்கச் சொல்லி, பிரிண்டரை ஒருமுறை நிற்பாட்டிப் போடச் சொல்லியிருக்கிறாள். துண்டு வந்துவிட்டது. லொறியும் போய்விட்டது.

"அவ அப்பவே சொன்னவ, அகீல் நானா," என்றாள் அம்ரா. "இது நடிப்பு இல்ல, பின்னால ஐஸ் உடைக்கிற சத்தம் கேக்குது எண்டு. சேர்தான், அகீல் அப்பிடித்தான், எல்லாம் சரியாச் செய்வார் எண்டு சொல்லிப்போட்டார்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவருடைய மேசைக்குப் போனேன். அவர் பிரசாந்தினிக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை," என்றார் தலையை நிமிர்த்தாமல். "ஆனால் எடுத்த எடுப்பில தீர்வுக்குப் போயிட்டா. நிலைமையை அலசேல்லை. என்னென்ன வழி இருக்கெண்டு சொல்லேல்லை. இந்த ரவுண்டில கொஞ்சம் குறைவுதான்."

"அது நான் இல்லை, அண்ணா."

"என்ன?"

"கோல் எடுத்தது நான் இல்லை. நான் கீழ மாமாவோட கதைச்சுக்கொண்டு நிண்டனான். அது பக்கீர் ஹாஜியார். உண்மையான ஹாஜியார்."

அவர் பேனையை வைத்தார். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. இனி எழும்பி ஓடிப்போய் ஹாஜியாரிடம் மன்னிப்புக் கேட்பார், அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடுவார், என் கல்யாணமும் நடக்கும் என்று நின்றேன். அவர் வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ரவுண்ட் செல்லாது," என்றார். "அவவைத் திரும்பக் கூப்பிடும். முறைப்படி நடத்துவம்."

நான் ஒரு மனிதனைக் கைநீட்டி அடித்ததில்லை. அன்றைக்கு அடிக்காமல் இருந்ததற்காக அல்லாஹ் எனக்குக் கூலி தருவான் என்று நம்புகிறேன்.

ஹாஜியாரிடம் நானே போனேன். அவருடைய கடையில், மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்று மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மனிதர் சிரிப்பார் என்று ஒரு நப்பாசை இருந்தது. சிரிக்கவில்லை.

"ஒங்கட மேல எனக்குக் கோவம் இல்ல, தம்பி," என்றார். "என்ன வெச்சி வெளாட்டுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கார் அந்தாள். சரி, அந்தப் புள்ள? அவவுக்கு வேல குடுத்தாச்சா?"

"இல்லை ஹாஜியார். அந்த ரவுண்டைத் திரும்பச் செய்யவேணுமாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எனக்குப் பிளேன்டி ஊற்றித் தரச் சொன்னார். அவள் போனிலேயே பேரும் ஊரும் சொல்லியிருந்தாள். உப்புவெளியில் ஹாஜியாருக்கு மீன் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு பெண்ணின் வீட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு இன்டர்வியூ தேவைப்படவில்லை.

பிரசாந்தினிக்கு நான் கோல் எடுத்தபோது அவள் கூச்சத்தோடுதான் சொன்னாள். "அண்ணா, குறை நினைக்காதேங்கோ. ஹாஜியார் வீட்டை வந்தவர். சங்கத்துக்கு ஒரு ஆள் வேணுமாம். கொழும்பில விக்கிற வேற ஒரு புறோகிராமை வாங்கிப் போட்டு நான் பார்த்துக்கொள்ளவேணுமாம். நான் ஓம் எண்டு சொல்லிட்டன்."

"என்ன கேட்டவர் உங்களிட்ட?" என்றேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"திங்கட்கிழமை வர ஏலுமா எண்டு கேட்டவர்," என்றாள்.

சங்கத்தின் கடைகள் ஒவ்வொன்றாக எங்கள் புறோகிராமை நிற்பாட்டின. என் போன் வரவர மௌனமாகியது. முதலில் அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முழுக்கப் போன் அதிரவில்லை. பள்ளிவாசலில் இருந்து வெளியே வந்து போனை எடுத்துப் பார்த்தபோதுதான், இனி எனக்குக் கோல் எடுக்க ஆளே இல்லை என்று விளங்கியது.

மறுநாள் இராகுலன் அண்ணா என்னைக் கூப்பிட்டார். ஆள் பாதியாகியிருந்தார். "நாங்கள் ஆரையும் எடுக்கத் தேவையில்லை போல, அகீல்," என்றார். "நீர் கல்யாணத்துக்குப் போம்."

"எத்தினை நாள் எடுக்கலாம், அண்ணா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேணுமான நாள் எடும்," என்றார்.

அவரை ஏச நான் எத்தனையோ நாளாக மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அம்ரா தன் மேசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் என் லப்டொப் வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

குறிஞ்சாக்கேணிக்குப் போனபோது முற்றத்தில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். லீவு கிடைத்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டார். வேணுமான நாள் எடுக்கச் சொல்லிவிட்டார் என்றேன். அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். கம்பு நடுகிறவர்களையும் கூப்பிட்டு, "கேட்டீங்களா, இப்பிடி ஒரு முதலாளி ஆருக்குக் கிடைக்கும்? நான்தான் அந்தாளத் தப்பா நெனச்சிட்டன்" என்றார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் வைத்து ஜுமானாவின் கோல் வந்தது. சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன். வாப்பா சொன்னதை அவள் உள்ளே நின்று கேட்டிருக்கிறாள்.

"வேணுமான நாள் எண்டா," என்றாள் மெல்ல, "வேல இல்லையா?"

இல்லை என்றேன். பாலத்தால் ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது. இதோ முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"வாப்பாக்கு இப்ப சொல்ல வேணாம்," என்றாள் ஜுமானா. "நிக்காஹ் முடியட்டும்."